ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு சூம்பிய தொடையைத் தேற்றும் முறை

முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வு அறுந்து, வேறு இடத்திலிருந்து எடுத்த ஜவ்வை வைத்துச் சீரமைத்து, கட்டைப் பிரிக்கும் நாளில் பலரைத் திடுக்கிட வைப்பது தொடைதான். சில நாள் முன்பு வரை கல் போலிருந்த முன்தொடை தொளதொளவென்று கிடக்கும். "காலை நீட்டி இறுக்குங்கள்" என்று பிசியோ சொன்னால், எவ்வளவு முக்கினாலும் தசை அசையாது. பயப்பட வேண்டாம், தசை செத்துவிடவில்லை. அதற்குப் போகும் உத்தரவு பாதி வழியில் நிற்கிறது.

முழங்காலுக்குள் நீர் கோத்தால் மூட்டு உறையிலிருந்து முதுகுத்தண்டுக்கு ஒரு செய்தி போகும். முன்தொடைத் தசையை, அதாவது குவாட்ரிசெப்ஸை, முதுகுத்தண்டு உடனே அடக்கி வைத்துவிடும். இதற்கு அதிக நீர் தேவையில்லை. அடிபடாத முழங்காலில் உப்புநீரை ஏற்றிச் செய்த பழைய சோதனைகளில், 20 முதல் 30 மில்லி உள்ளே போனதுமே தொடையின் உட்பக்கத் தசை மங்கத் தொடங்கியது. 50, 60 மில்லியில் மற்ற பகுதிகளும் அடங்கின. ஆபரேஷன் முடிந்த முட்டியில் அதைவிட அதிகமாகவே நீர் நிற்கும். எனவே வரிசை இதுதான்: வீக்கத்தை இறக்குவது, காலை முழுதாக நீட்டுவது, தசையை எழுப்புவது, கடைசியில் எடை ஏற்றுவது. வீக்கத்தோடு எடை ஏற்றுகிறவர்கள் மாதக்கணக்கில் உழைத்தும் தொடையில் சதை பிடிப்பதில்லை.

கீழே சொல்வது ஏசிஎல் மட்டும் சீரமைத்தவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தும். மெனிஸ்கஸையும், அதாவது முட்டிக்குள் மெத்தை போலிருக்கும் பிறை வடிவத் திசுவையும், சேர்த்துத் தைத்திருந்தால், குருத்தெலும்பில் வேலை செய்திருந்தால், வேறு ஜவ்வுகளையும் கட்டியிருந்தால், எவ்வளவு ஊன்றலாம், எத்தனை டிகிரி மடக்கலாம் என்று உங்கள் சர்ஜன் சொன்னதே முடிவு. மெனிஸ்கஸ் தையலுக்கு முதல் 4 முதல் 6 வாரம் 90 டிகிரிக்கு மேல் மடக்க விடமாட்டார்கள். எடையோடு ஆழமாகக் குந்துவதை அதற்குப் பிறகும் சில மாதங்கள் தள்ளிப்போடுவார்கள்.

எந்த வாரத்திலும் உடற்பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகளை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கெண்டைக்கால் வீங்கி, அழுத்தினால் வலித்து, சூடாக இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் அதன் அடுத்த கட்டம். காய்ச்சல், தையலில் சீழ், நாளுக்கு நாள் கூடும் சிவப்பு ஆகியவை கிருமித்தொற்றின் அடையாளம். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கத்தில் ஓர் உள்ளங்கை அகலம் மரத்துக் கிடப்பது இந்தப் பட்டியலில் சேராது. தோலுக்குப் போகும் சிறு நரம்புக் கிளை வெட்டுப்படுவதால் வருவது அது. தொடையின் பலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

முதல் இரண்டு வாரம்

வீட்டில் எல்லோரும் அன்போடு செய்யும் ஒரு தவறு உண்டு. முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். சுகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் வீங்கிய முட்டி 20, 30 டிகிரி மடங்கிய நிலையில்தான் இளைப்பாறும். ஆனால் இரவு முழுக்க அப்படிக் கிடந்தால் மூட்டு அந்த மடக்கத்திலேயே இறுகிவிடும். நீளாத முட்டியில் குவாட்ரிசெப்ஸ் முழுதாகச் சுருங்க இடமே கிடைக்காது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டிக்கு அடியில் காற்றோட வேண்டும். கால் நெஞ்சு மட்டத்துக்கு மேல் இருக்கட்டும். துணி சுற்றிய ஐஸ் பையை 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை வையுங்கள். அதில் ஒன்றிரண்டு முறையாவது பயிற்சிக்குச் சற்று முன்பாக இருக்கட்டும். குளிர்ச்சி அந்த அடக்கும் செய்தியைச் சிறிது நேரம் தளர்த்தும், அந்த இடைவெளியில் தசையை எழுப்புவது சுலபம். எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று யார் வந்தாலும் இந்த வாரங்களில் அனுமதிக்காதீர்கள். தையலுக்கும் ஆபத்து, ரத்தக்கட்டு இருந்தால் உயிருக்கே ஆபத்து.

கால் நீட்டத்துக்கு இரண்டு வழிகள் போதும். மல்லாந்து படுத்து, குதிகாலைச் சுருட்டிய துண்டின் மேல் வைத்து, முட்டியைத் தன் எடைக்குத் தொங்க விடுவது ஒன்று. குப்புறப் படுத்து, தொடை வரை கட்டிலில் இருக்க, முட்டிக்குக் கீழே வெளியே தொங்க விடுவது மற்றொன்று. ஒவ்வொரு முறையும் 10 நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை. அளப்பதும் சுலபம்: குப்புறப் படுத்த அதே நிலையில் இரண்டு குதிகாலின் உயரத்தையும் ஒருவர் ஸ்கேலால் பார்க்கட்டும். 1 செ.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 1 டிகிரி குறை. முதல் சில வாரங்களிலேயே இந்த வித்தியாசம் மறைய வேண்டும். மாதம் ஒன்று கடந்தும் நீட்டும்போது முன்பக்கம் ஏதோ முட்டுவது போலிருந்தால், புது ஜவ்வுக்கு முன்னால் தழும்புத் திரள் வளர்ந்திருக்கலாம். அதைப் பயிற்சியால் உடைக்க முடியாது, சர்ஜன்தான் பார்க்க வேண்டும்.

இனி, முதல் மாதத்தின் மிக முக்கியமான பயிற்சி. தொடையை இறுக்குவது என்று எல்லோரும் சொல்வார்கள், சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. நல்ல காலில் ஒருமுறை செய்து பாருங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தை உங்கள் பக்கம் இழுத்து, முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்துங்கள். முட்டிச்சில்லு தொடையை நோக்கி மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும். சில்லுக்கு மேலே உட்பக்கத்தில், கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு தசை திரண்டு விரலைத் தள்ளும். இந்த இரண்டும்தான் அடையாளம். இப்போது ஆபரேஷன் செய்த காலில் விரலை அதே இடத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சில்லு ஏறவில்லை, தொடை மொத்தமாகப் படுக்கையில் அமுங்குகிறது என்றால் வேலை செய்வது புட்டமும் பின்தொடையும். ஐந்நூறு முறை அப்படி அழுத்தினாலும் முன்தொடைக்கு ஒன்றும் போய்ச் சேராது.

சில்லு ஏறாதவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. இரண்டு காலையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள், நல்ல காலின் உத்தரவு இதற்கும் கசியும். அது பலிக்காவிட்டால் குப்புறப் படுத்து, கால்விரல்களை மடக்கிப் படுக்கையில் ஊன்றி, முட்டியை மட்டும் மேலே தூக்கி நேராக்குங்கள். உட்கார்ந்து செய்தபோது ஒளிந்துகொண்ட தசை இந்த நிலையில் பலருக்குச் சட்டென்று அகப்படும். மூன்றாவது, மின்தூண்டல், அதைக் கீழே தனியாகப் பார்ப்போம். பிடித்தம் வந்தபின் 5 முதல் 10 விநாடி இறுக்கிப் பிடித்து, 10 முறை, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை செய்யுங்கள். இந்த ஒரு பயிற்சிக்கு மட்டும் எத்தனை முறை என்ற கணக்கு பெரிது.

நேராகக் காலைத் தூக்கும் பயிற்சிக்கு ஒரே நிபந்தனை. குதிகால் எழும்பும்போது முட்டி ஒரு இழையும் தொய்யக் கூடாது. முதலில் இறுக்கு, பிறகு தூக்கு. தூக்கியதும் முட்டி 5 டிகிரி தொங்கினால் தூக்குவதை நிறுத்தி, முட்டியை நேராகப் பிடிக்கும் பிரேஸைப் பூட்டிக்கொண்டு செய்யுங்கள், அல்லது இறுக்கும் பயிற்சிக்கே திரும்புங்கள். தொய்வோடு தூக்கிப் பழகினால் இடுப்பு மடக்கும் தசைதான் வளரும்.

ஊன்றுகோலை எப்போது விடுவது என்பதற்கு நாள் குறிக்க வேண்டாம். தொய்வில்லாமல் 10 முறை காலைத் தூக்க முடிகிறதா, முட்டி முழுதாக நீள்கிறதா, நொண்டாமல் நடக்கிறீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் விடலாம். மடங்கிய முட்டியோடு நொண்டி நடக்கிறவர், ஒவ்வொரு அடியிலும் முன்தொடையைத் தவிர்க்கத்தான் பழகுகிறார். இன்னும் ஒரு வாரம் ஊன்றுகோலோடு சரியாக நடப்பதே லாபம்.

மின்தூண்டல் இயந்திரம்

முதல் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு இது மிகவும் பயன்படும். ஆனால் பெரும்பாலானோர் தவறான இயந்திரத்தைத் தவறான அளவில் வைக்கிறார்கள். வலிக்கு வைக்கும் டென்ஸ் இயந்திரம் வேறு, தசையைச் சுருக்கும் இயந்திரம் வேறு. பெட்டியின் மேல் தசைத்தூண்டல் என்று போட்டிருக்கிறதா என்று பிசியோவிடம் காட்டி உறுதி செய்யுங்கள். பெரிய பட்டை ஒன்றைத் தொடையின் மேல் வெளிப்பக்கத்திலும் மற்றொன்றைச் சில்லுக்கு மேல் உட்பக்கத்திலும் ஒட்டுங்கள். அதிர்வெண் விநாடிக்கு 50 முதல் 75, சுருக்கம் 10 விநாடி, ஓய்வு 50 விநாடி, மொத்தம் 10 முதல் 15 சுருக்கம். முட்டி மடங்கும் அளவு வந்தபின் நாற்காலியில் உட்கார்ந்து, 60 முதல் 90 டிகிரியில் காலைப் பட்டையால் அசையாமல் கட்டிச் செய்வது நல்லது. வாரம் மூன்று முதல் ஐந்து முறை.

எவ்வளவு கூட்டுவது? தோலில் எறும்பு ஊர்வது போல இருந்தால் ஒரு பயனும் இல்லை. தொடை கல்லாகி, சில்லு இழுபட்டு, இதற்கு மேல் தாங்காது என்ற அளவு வரை கூட்ட வேண்டும். சுருங்கும் 10 விநாடியும் நீங்களும் சேர்ந்து இறுக்குங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், காலில் ரத்தக்கட்டு உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது.

ஜவ்வு எங்கிருந்து எடுத்தார்கள்?

டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும். எடுத்த இடமும் ஒரு காயம்தான், அதற்கேற்பத் திட்டம் மாறும்.

பின்தொடையிலிருந்து, அதாவது ஹாம்ஸ்ட்ரிங்கிலிருந்து எடுத்திருந்தால் முதல் ஆறு வாரமாவது எடை வைத்துக் குதிகாலைப் பின்னால் மடக்கக் கூடாது. குனிந்து ஷூ மாட்டும்போதோ சறுக்கும்போதோ பின்தொடையில் சுருக்கென்று ஒரு வெட்டு வருவது இந்தக் காலத்தில்தான். புதிதாக ஒட்டிக்கொண்டிருக்கும் தழும்பு கிழிவது அது. அதற்குப் பிறகு மெதுவாகத் தொடங்கி, மூன்றாம் மாதத்திலிருந்து முழுமையாக உழையுங்கள். ஹாம்ஸ்ட்ரிங் கெண்டை எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடிப்பதால் புது ஜவ்வுக்குக் காவல் அது.

முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநாண், அல்லது சில்லுக்கு மேலுள்ள குவாட்ரிசெப்ஸ் தசைநாண் என்றால் முன்தொடை பலவீனம் கூடுதலாக இருக்கும், மண்டியிடும்போதும் படியிறங்கும்போதும் முன்பக்கம் வலிக்கும். இவர்களுக்கு அசையாப் பயிற்சி நல்ல மருந்து: முட்டியை 60 டிகிரியில் வைத்து, நகராத எதிர்ப்புக்கு எதிராக 45 விநாடி தள்ளுவது, 5 முறை, இடையில் ஒன்றிரண்டு நிமிட ஓய்வு. கணுக்காலின் வெளிப்பக்க நாணை எடுத்திருந்தால் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து காலை நீட்டும் பயிற்சி

இதைச் சுற்றித்தான் அதிகக் குழப்பம். "அந்த மெஷின் பக்கமே போகாதீர்கள்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், ஒரு வருடம் கழித்தும் சூம்பிய தொடையோடு நிற்பார்கள். மெஷினில் குற்றமில்லை, கோணத்தில்தான் சூட்சுமம். முட்டி கடைசி 30, 40 டிகிரியில் நீளும்போது குவாட்ரிசெப்ஸ் கெண்டை எலும்பை முன்னால் இழுக்கும். அதைத் தடுப்பது ஏசிஎல். 90 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடையில் அந்த இழுப்பு மிகக் குறைவு. கத்தாரின் ஆஸ்பெட்டார் விளையாட்டு மருத்துவமனை 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 4ஆம் வாரத்திலிருந்தே 90 முதல் 45 வரை இதைச் செய்யலாம் என்கிறது.

பரவலாகப் பின்பற்றப்படும் படிநிலை இது: 4ஆம் வாரம் 90 முதல் 45 வரை, 5இல் 30 வரை, 6இல் 20 வரை, 7இல் 10 வரை, 8ஆம் வாரத்தில் முழு நீட்டம். சில்லுத் தசைநாண் வைத்தவர்கள் இந்த எல்லைக்குள் எடை ஏற்றலாம். ஹாம்ஸ்ட்ரிங் வைத்தவர்களுக்கு 12ஆம் வாரம் வரை கூடுதல் எடை வேண்டாம் என்பதே பழக்கத்தில் உள்ள எச்சரிக்கை. புது ஜவ்வு ஒட்டி உருமாறும் மாதங்களில்தான் அது மிக நொய்மையாக இருக்கும். வலியில்லை என்பதால் ஜவ்வு முற்றிவிட்டது என்று எண்ண வேண்டாம், அதற்குள் வலி நரம்பு இல்லை.

வீட்டில் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேஜையில் உட்கார்ந்து கணுக்காலில் மணல்மூட்டை கட்டித் தூக்கினால், கால் தொங்கும்போது எடை பூஜ்யம், கால் நேராகும்போது முழு எடை. ரப்பர் பேண்ட் கட்டினாலும் அதே கதை, நீட்ட நீட்ட இறுகும். தொடக்க மாதங்களில் எந்தக் கோணத்தில் எடை வேண்டாமோ அங்கேதான் இரண்டும் அதிகமாக இழுக்கும், வேண்டிய கோணத்தில் ஒன்றும் தராது. மெஷின் கிடைக்காதவர்கள் கனமான மேஜையின் பின்காலில் அகலமான நைலான் பட்டையைக் கட்டி, மறுமுனையைக் கணுக்காலில் மாட்டி, 90 டிகிரியில் அசையாமல் முன்னால் தள்ளுங்கள். 5 விநாடி தள்ளி 5 விநாடி விட்டு, 5 முறை ஒரு செட், மொத்தம் 5 செட். முதலில் பாதி பலம், வலியில்லாவிட்டால் வாரத்துக்கு வாரம் கூட்டலாம். இதையும் ஹாம்ஸ்ட்ரிங் வைத்தவர்கள் பிசியோவிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

உடம்பு செய்யும் களவு

இரண்டு காலில் குந்தி எழும்போது எடை நல்ல காலுக்கு ஓடிவிடும். செய்கிறவருக்கே தெரியாது, கண்ணாடியிலும் சரியாகத் தெரியாது. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இரண்டு கிடைத்தால், ஒவ்வொரு பாதத்துக்கும் ஒன்று வைத்து அரைக்குந்தல் செய்து, ஒருவரை எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். 70 கிலோ ஆளுக்கு நிற்கும்போது 35, 35 காட்டும். கீழே இறங்கியதும் 45, 25 என்று பிரிவது சாதாரணம். எண்ணைப் பார்த்துக்கொண்டே சமன்படுத்திப் பழகினால் சில நாளில் உடம்பு பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது களவு ஒரே காலுக்குள் நடக்கும். இடுப்பைப் பின்னால் தள்ளி, மார்பை முன்னால் சாய்த்து இறங்கினால் வேலை புட்டத்துக்குப் போய்விடும். "முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது" என்ற அறிவுரை இந்தக் களவுக்குத் துணை போகிறது. முட்டி முன்னால் போனால்தான் குவாட்ரிசெப்ஸுக்கு வேலை. முதல் வாரங்களில் 60 டிகிரி வரை மட்டும் இறங்குங்கள். பிறகு, வலியும் வீக்கமும் இல்லாதவரை, முதுகை நிமிர்த்தி முட்டியை விரல் தாண்ட விடுங்கள். படியிலிருந்து இறங்கும் பயிற்சியில் இது பளிச்சென்று தெரியும். 15 செ.மீ. உயரப் படியில் ஆபரேஷன் செய்த காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை 3 விநாடியில் மெதுவாக இறங்குங்கள். கடைசி அங்குலத்தில் தொப்பென்று விழுந்தால் படி உங்களுக்கு உயரம். ஒரு மரப்பலகையோ கனமான புத்தகமோ கீழே வைத்து உயரத்தைக் குறையுங்கள். முட்டி உட்பக்கம் சாய்ந்தாலும் அதேதான்.

எடை ஏற்றும் மாதங்கள்

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு வீக்கம் இல்லை, நடை சரி, வேலைக்கும் போகிறார்கள், அங்கேயே பலர் நின்றுவிடுகிறார்கள். 2 கிலோ மணல்மூட்டை, 15 தடவை, 3 செட், நான்கு மாதமாக அதே. தொடைக்கு அது கையசைப்பது போலத்தான். நடைப்பயிற்சியும் சைக்கிளும் மூட்டின் அசைவுக்கும் மூச்சுக்கும் நல்லவை. ஆனால் தேய்ந்த தசையைத் திரும்பக் கட்டும் அளவு சுமை அவற்றில் இல்லை.

சதை பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு செட்டும் கடினமாக முடிய வேண்டும். 8 தடவை செய்து நிறுத்தும்போது இன்னும் இரண்டு மட்டுமே செய்திருக்க முடியும் என்ற எடையே சரியான எடை. வாரம் மூன்று நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. ஒரு நாளின் வேலை இப்படி இருக்கலாம்:

- காலை நீட்டும் மெஷின், ஒற்றைக்காலில், 4 செட், 8 தடவை. உடம்பு புதிதாக இருக்கும்போது இதை முதலில் செய்யுங்கள்.
- லெக் பிரஸ் (பாதத்தால் எடையைத் தள்ளும் மெஷின்), ஒற்றைக்காலில், 3 செட், 8 முதல் 10 தடவை.
- ஒரு கால் முன், ஒரு கால் பின் வைத்துக் குந்தல், 3 செட், 8 தடவை. கையில் டம்பெல் இல்லாவிட்டால் அரிசி நிரப்பிய முதுகுப்பை.
- பின்தொடை மடக்கும் மெஷின், 3 செட், 8 தடவை.
- ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துதல், 3 செட், 15 தடவை.

செட்டுக்கு இடையில் 2 முதல் 3 நிமிடம் உட்காருங்கள். 30 விநாடியில் அடுத்த செட்டுக்குப் போனால் மூச்சு வாங்குமே தவிர, அந்த எடையைத் தசையால் மறுபடி தூக்க முடியாது. மெஷினை மேலே தள்ளுவது இயல்பான வேகத்தில், இறக்குவது 3 விநாடியில். அடுத்தடுத்து இரண்டு முறை 10 தடவை செய்ய முடிந்தால் அடுத்த முறை சிறிது எடை கூட்டுங்கள், 5 சதவீதம் போதும். தேதி, எடை, எண்ணிக்கை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நல்ல காலுக்கும் வேலை கொடுங்கள், ஆனால் செட் குறைவாக. அதுவும் இந்த மாதங்களில் இளைத்திருக்கும்.

எடை தூக்க முடியாத அளவு வலி உள்ளவர்களுக்கு, தொடையின் மேலே பட்டை கட்டி ரத்த ஓட்டத்தைக் குறைத்துச் சிறு எடையில் செய்யும் முறை உண்டு. அதிகபட்ச எடையில் 20 முதல் 30 சதவீதம், 30, 15, 15, 15 என்று நான்கு செட், இடையில் 30 விநாடி. பட்டையின் அழுத்தத்தை ஒவ்வொருவருக்கும் அளந்து வைக்க வேண்டும், அதனால் பயிற்சி பெற்ற பிசியோவிடம் மட்டுமே செய்யுங்கள். வீட்டில் துணியால் கட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

கூடிவிட்டதா, குறைவா?

பயிற்சியின்போது பத்துக்கு இரண்டு மூன்று அளவு வலி பரவாயில்லை, மறுநாள் காலை அடங்கியிருக்க வேண்டும். வலியை விட நம்பகமானது வீக்கம். மல்லாந்து படுத்துத் தொடையைத் தளர விடுங்கள். முட்டியின் உட்பக்கப் பள்ளத்தை உள்ளங்கையால் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை வழியுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை வழியுங்கள். உட்பக்கப் பள்ளத்தில் அலை எதுவும் வராவிட்டால் நீர் இல்லை. மெல்லிய அலை வந்தால் துளி நீர். பள்ளம் புடைத்தால் அதற்கு மேல். வெளிப்பக்கம் தொடாமலேயே தானாக நிரம்பினால் நிறைய. இதை ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில் பாருங்கள். முந்தைய நாள் பயிற்சியால் ஒரு படி கூடியிருந்தால் அன்று எடை வேண்டாம், ஐஸ், காலை உயர்த்துதல், நீட்டம் மட்டும். அடங்கியதும் முந்தைய அளவில் தொடங்குங்கள். வாரக்கணக்கில் அடங்காத வீக்கத்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

பலத்தை அளப்பது

தொடையைச் சுற்றி டேப் வைத்து அளப்பதால் பலம் தெரியாது. ஒற்றைக்காலில் தாண்டிப் பார்ப்பதும் ஏமாற்றும், நீளத் தாண்டுதலில் உந்துவது பெரும்பாலும் இடுப்பும் கணுக்காலும்தான். முன்தொடை பாதி பலத்தில் இருந்தாலும் தூரம் சமமாக வந்துவிடும். சிறந்தது ஐசோகைனெடிக் மெஷின், அதாவது ஒரே வேகத்தில் காலை நீட்டவைத்துப் பலத்தை அளக்கும் கருவி, பெரிய விளையாட்டு மருத்துவ மையங்களில் இருக்கும். அது கிடைக்காவிட்டால், கடைகளில் மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசு போதும். டிஜிட்டல், 200 கிலோ வரை தாங்குவது, உச்ச அளவைப் பிடித்து நிறுத்தும் வசதியுள்ளது. பயணப்பை நிறுக்கும் சிறு தராசு தாங்காது.

12 வாரம் முடிந்து, முழுப் பலத்தில் தள்ளலாம் என்று டாக்டரோ பிசியோவோ சொன்ன பிறகு செய்யுங்கள். பாதம் தரை தொடாத உயரமான, நகராத மேஜையில் உட்காருங்கள். முட்டி 90 டிகிரி. கணுக்கால் எலும்புக்கு இரண்டு விரல் மேலே அகலப்பட்டை. தராசு பின்னால், கெண்டைக்காலுக்குச் செங்குத்தாக, தரைக்கு இணையாக. தொடையை மேஜையோடு கட்டி, கைகளை மார்பில் மடக்கிக்கொள்ளுங்கள். பாதி பலத்தில் மூன்று முறை தள்ளிச் சூடேற்றிவிட்டு, முழு பலத்தில் 5 விநாடி, மூன்று முறை, இடையில் ஒரு நிமிடம். அதில் அதிகமானதை எழுதுங்கள். பட்டை வழுகினாலோ மேஜை ஆடினாலோ அந்த எண் செல்லாது.

உதாரணமாக, 65 கிலோ எடையுள்ளவருக்கு நல்ல கால் 42 கிலோ, ஆபரேஷன் கால் 29 கிலோ காட்டினால், 29ஐ 42ஆல் வகுத்து 69 சதவீதம். இது முதல் கணக்கு. இரண்டாவது கணக்கையும் போடுங்கள்: முட்டி மடிப்பிலிருந்து பட்டை வரை 0.36 மீட்டர் என்றால், 42ஐ 9.8ஆலும் 0.36ஆலும் பெருக்கி 65ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 2.3 நியூட்டன் மீட்டர். விளையாடத் திரும்பும் இளைஞர்களுக்கு 3ஐ ஒட்டி எதிர்பார்ப்பார்கள். ஆக, இவருடைய நல்ல காலே போதாது, அதோடு ஒப்பிட்டு 90 சதவீதம் வந்தாலும் அது பாதி ஆறுதல்தான். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இதே மேஜை, இதே பட்டை, இதே இடத்தில் கட்டி அளந்து வாருங்கள். தராசே இல்லாதவர்கள், முட்டி 90 டிகிரி மடங்கும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஒற்றைக்காலில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணலாம். ஓடத் தொடங்குமுன் 10, விளையாடுமுன் 20க்கு மேல், இரண்டு காலிலும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம். 65 கிலோ ஆளுக்கு நாளுக்குச் சுமார் 105 கிராம். காலையில் இட்லி சட்னி, மதியம் சாதம் குழம்பு ரசம், இரவு தோசை என்றால் அதில் பாதியைத் தொடுவதே சிரமம். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி 100 கிராமில் 25க்கு மேல், 50 கிராம் சோயா உருண்டையில் 25, பன்னீர் 100 கிராமில் 18 வாக்கில், ஒரு டம்ளர் பாலில் 8, ஒரு கப் சுண்டலில் 14 முதல் 15. மூன்று வேளையும் 25 முதல் 30 கிராம் வருமாறு பிரித்து, மீதியை மாலைச் சுண்டலிலும் இரவுப் பாலிலும் நிரப்புங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கூட்ட வேண்டாம். முதல் மாதங்களில் உடல் எடை ஏறுகிறதே என்று பட்டினி கிடந்தால், கரைவது தொடைச் சதை.

ஓடுவதும் விளையாடுவதும்

மெதுவான ஓட்டத்துக்குக் குறைந்தது 12 வாரம், வீக்கமில்லாத முட்டி, முழு நீட்டம், நல்ல காலோடு ஒப்பிட்டு 70 சதவீதத்துக்கு மேல் பலம். பலருக்கு இது நான்காம் ஐந்தாம் மாதத்தில்தான் கைகூடும். கபடி, கால்பந்து, பேட்மின்டன் போலத் திரும்பித் தாவும் ஆட்டங்களுக்கு 9 மாதம் முடிந்திருக்க வேண்டும், 90 சதவீதமும் தாண்டியிருக்க வேண்டும். 2016இல் வெளியான டெலவேர்-ஆஸ்லோ ஆய்வில், 9 மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தின் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முன்தொடை பலம் சமமாக இருந்தவர்களுக்கும் மறுகாயம் குறைவு. உள்ளூர்ப் போட்டிக்காக ஆறாம் மாதத்தில் களமிறங்கச் சொல்லும் நண்பர்களுக்கு இந்த எண்ணைக் காட்டுங்கள்.

தரையில் சம்மணமிடுவதும் இந்தியக் கழிவறையில் குந்துவதும் விளையாட்டை விட முன்பே தேவைப்படும். பொதுவாக நான்கு முதல் ஆறு மாதத்துக்குள், மெனிஸ்கஸ் நிலையைப் பார்த்து சர்ஜன் அனுமதிப்பார். அதுவரை கழிவறை நாற்காலி வாங்கி வையுங்கள். அனுமதி கிடைத்த முதல் வாரம், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குந்தி, எடையைக் கையில் பாதி வாங்கி, 10 தடவை இறங்கி எழுந்து பழகிய பிறகு கையை விடுங்கள். களத்துக்குத் திரும்பிய பிறகும் காலை நீட்டும் மெஷினையும் ஒற்றைக்கால் குந்தலையும் வாரம் இரண்டு நாள் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் மட்டுமே தொடையின் பலத்தைக் காப்பாற்றாது.